கைவேலை கேள்வி–பதில்: பந்தயத் தடத்துக்கு எந்தப் பூச்சு?

குமரி மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, மாதிரிக் கார்களை ஓடவிடும் மரத்தடத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிப்பது பற்றியே கேட்டிருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களின் நீளத்தைக் குறைத்திருக்கிறேனே தவிர, செய்தியில் கை வைக்கவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்காக, சரிவில் தானாக உருண்டோடும் சிறு மரக் கார்களுக்கென 32 அடி நீளத்தில் மூன்று தடங்கள் கொண்ட பாதை ஒன்றை, எட்டடித் துண்டுகள் நான்காகச் செய்தோம். ஆறங்குல அயினிப் பலகைகள் இரண்டைப் பக்கவாட்டில் ஒட்டி அகலமாக்கி, ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் கார் விலகாமலிருக்கத் தேக்குப் பட்டை ஒட்டியிருக்கிறோம். சென்ற ஜூன் மாதம் மேற்பரப்பில் என்.சி. சீலரும் அதன்மேல் லாக்கரும் அடித்தோம். அடித்த அன்றே ஆங்காங்கே வெண்மை படர்ந்தது. ஓணத்துக்குள் பலகைகளின் இரு ஓரங்களும் மேல்நோக்கி வளைந்துவிட்டன. மறுபடியும் பூச நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஆசிரியை, தக்கலை

பதில்: உங்கள் தடத்துக்கு நேர்ந்தவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்கும் ஈரமே காரணம் என்றாலும், முதலாவது காற்றிலிருந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கியதால் வந்தது. இரண்டாவது, மரம் ஒரு பக்கமாக மட்டும் ஈரம் குடித்ததால் வந்தது.

என்.சி. என்று கடைகளில் சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் கலந்திருக்கும் தின்னர் மிக வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது அது பலகையின் பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், அந்தப் பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பட்டதும் நுண்துளிகளாகப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் அகப்பட்டு, வெண்திட்டாகத் தெரிகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைச் சிறிதளவு சேர்த்தால் இது குறையும். பூச்சு அடிப்பவர்கள் மழைக்காலத்தில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டின் கதவை மழையில் முடித்துக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தடத்துக்குப் பூச்சு அடிக்க, கும்பப்பூ நெல் அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களைப்போல் வசதியான காலம் நம் மாவட்டத்தில் வேறில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது, வெயிலும் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும் அளவுக்கு ஏறியிருக்காது. பள்ளிகளில் பொதுவாக மே மாதக் கடைசியில் இந்த வேலையை எடுக்கிறார்கள். அதுதான் ஆண்டில் மிகத் தவறான நேரம்.

இனி வளைவு. மரம் தன் வாழ்நாள் முழுவதும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் அறையில் நெடுநாள் கிடந்த பலகை, தன் உலர் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீரை வைத்திருக்கும். ஈரப்பதம் 80 விழுக்காடாக உயர்ந்து அப்படியே நீடித்தால், அந்த நீர் 16 விழுக்காட்டை நெருங்கும். இந்த நான்கு விழுக்காட்டு வேறுபாட்டுக்கே ஆறங்குலப் பலகை ஒன்று, அறுத்த முறையையும் மரத்தின் வகையையும் பொறுத்து, அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டர் வரை பெருக்கக்கூடும். நீளவாக்கில் பெருக்கம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நீங்கள் மேற்பக்கத்தை மட்டும் பூசி, அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டதால், அடிப்பக்கம் விரைந்து ஈரம் குடித்துப் பெருத்தது. பூச்சின் பாதுகாப்பில் இருந்த மேற்பக்கம் பின்தங்கியது. பலகை மேல்நோக்கி வளைந்தது. எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுத்து நிறுத்துவதில்லை, அது உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஆகவே, அந்த வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. மேலே மூன்று கை, அதாவது மூன்று முறை, அடித்தால் கீழேயும் மூன்று கை. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதற்குச் செலவு என்று யாராவது கேட்டால், போன ஆண்டுப் பலகையைக் காட்டுங்கள்.

மறுபடி தொடங்கும் முறை இது. பழைய என்.சி. பூச்சைத் தின்னரில் நனைத்த துணியால் கரைத்துத் துடைத்தெடுக்கலாம். திறந்த வெளியில், அடுப்பும் தீப்பொறியும் அருகில் இல்லாத இடத்தில், பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. பின்னர் பலகைகளைச் சிறு சட்டங்களின்மேல், காற்று இரு பக்கமும் புகும்படி அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மழை படாத அறையில் ஓரிரு வாரம் விட்டுவிடுங்கள். இரு முகங்களும் ஒன்றுபோல் உலர உலர வளைவில் பெரும்பகுதி தானே இறங்கும். உலர்ந்துவிட்டதா என்று அறிய அதே மரத்தின் துண்டு ஒன்றை அவற்றோடு வைத்திருந்து, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். மாணவர்களைக் கொண்டே இந்த எடையைக் குறிக்கச் சொன்னால், அறிவியல் மன்றத்துக்கு அதுவே ஒரு செய்முறையாகிவிடும்.

மீதமுள்ள வளைவைத் தடுக்க அடியில் குறுக்குச் சட்டங்கள் வையுங்கள்; ஆனால் அவற்றைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். நடுத் திருகை மட்டும் இறுக்கமாகவும், ஓரத் திருகுகளை நீள்துளை வழியாகவும் முடுக்கினால், பலகை அகலவாக்கில் பெருத்துச் சுருங்க இடம் கிடைக்கும். முழுக்க இறுக்கிப் பூட்டினால் வளைவுக்குப் பதிலாக வெடிப்பு வரும்.

தேய்ப்பதற்கு 120, 180, 220 எண் உப்புத்தாள்களை வரிசையாக, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பயன்படுத்துங்கள். வெறும் மரத்தை 220-க்கு மேல் வழவழப்பாக்குவதால் ஆதாயம் இல்லை; பூச்சுக்குப் பிடிமானம்தான் குறையும். நான்கு துண்டுகளையும் போல்ட் போட்டுப் பூட்டிய நிலையிலேயே இணைப்புகளைக் கடந்து தேய்த்து, படி இல்லாமல் சமப்படுத்திய பின் கழற்றிப் பூச வேண்டும். இணைப்பில் அரை மில்லிமீட்டர் படி இருந்தாலும் கார் துள்ளும். பலகையின் தலைப்பக்கங்கள், அதாவது ரேகையைக் குறுக்கே அறுத்த முனைகள், மற்ற இடங்களைவிடப் பன்மடங்கு வேகமாக ஈரம் உறிஞ்சுபவை என்பதால் அவற்றுக்கு ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். காய்ந்தபின் தட்டையாகத் தேய்த்துவிடுங்கள்.

நடுப்பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வகைப் பந்தயத்துக்கு முன்னோடியான பைன்வுட் டெர்பி, 1953-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில், இளஞ்சாரணர்களுக்காக டான் மர்ஃபி என்பவரால் தொடங்கப்பட்டது. அங்கே வழக்கத்தில் உள்ள அளவுப்படி, பட்டையின் அகலம் ஓர் அங்குலம் ஐந்து நூல் (எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம்), உயரம் இரண்டு நூல்; காரின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஓர் அங்குலம் ஆறு நூல்; காரின் அடிப்பாகம் தரையிலிருந்து மூன்று நூல் உயரத்தில் நிற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பக்கவாட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தமே ஒரு நூல் விலகல், மேலேயும் ஒரு நூல்தான். ஒழுங்காக அடித்த மூன்று கைப் பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பட்டையின் பக்கத்தில் வழிந்து உறைந்த ஒரு சொட்டு, அந்த ஒரு நூலில் பாதியைத் தின்றுவிடும். ஒரு தடத்தில் மட்டும் அப்படி ஒரு சொட்டு இருந்தால், அந்தத் தடத்தில் ஓடும் பிள்ளை தோற்பதற்குக் காரணம் பூச்சு அடித்தவர். எனவே பிரஷில் பூச்சைக் குறைவாக எடுத்து, முதலில் பட்டையின் பக்கங்களை நீவி, பிறகு தடத்தின் தளத்துக்கு வாருங்கள். பத்து நிமிடத்துக்குள் திரும்பிப் பார்த்து, பட்டையும் தளமும் சேரும் மூலையில் தேங்கியிருப்பதை உலர்ந்த பிரஷால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் கேட்டால் என்.சி., மெலமைன், பி.யு., வாட்டர் பேஸ் என்று அடுக்குகிறார்கள். அண்ணன் வீட்டுத் தச்சர் ஆளிவிதை எண்ணெயே போதும் என்கிறார். வீட்டில் பிரஷால் அடிக்கப் போகிறோம், ஸ்பிரே இயந்திரம் இல்லை. எதை வாங்குவது?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: பிரஷ், வீடு, பிள்ளைகள் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால், என் தேர்வு ஒரே டப்பாவில் வரும், அதாவது இரண்டாவது கலவை சேர்க்கத் தேவையில்லாத, எண்ணெய் வகை பாலியூரித்தேன் (பி.யு.) வார்னிஷ். அது மெதுவாகக் காய்வதால் பிரஷின் கோடுகள் தாமே அமர்ந்துவிடும். காய்ந்த படலம் கீறலையும் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும். முதல் கைக்கு மட்டும், பத்துக்கு ஒரு பங்கு மினரல் டர்பன்டைன் சேர்த்து நீர்க்கச் செய்தால் மரத்துக்குள் இறங்கிப் பிடிக்கும். டப்பாவைக் குலுக்க வேண்டாம், குமிழ் வரும். குச்சியால் அடிவரை கலக்கினால் போதும். ஒவ்வொரு கைக்கும் இடையே முழு ஒரு நாள் விட்டு, 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்த பின் அடுத்த கை.

அதன் குறை, சற்று மஞ்சள் தட்டும் என்பது. தேக்குக்கும் அயினிக்கும் அது அழகாகவே இருக்கும். வெளிர் மரம் என்றால், தண்ணீரில் கரையும் பி.யு. வாங்குங்கள்: நிறம் மாறாது, நாற்றமும் குறைவு, இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கை அடிக்கலாம். ஆனால் அதிலுள்ள தண்ணீர் மரத்தின் இழைகளை எழுப்பிவிடும் என்பதால், முன்னதாகவே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காயவிட்டு, எழுந்த இழைகளை 220-ஆல் தேய்த்துவிட வேண்டும். இரும்புக் கம்பளியால் தேய்க்காதீர்கள். உதிரும் துகள் துருப்பிடித்துக் கரும்புள்ளியாகும்.

மெலமைன் நல்ல கடினமான பூச்சுதான். ஆயினும் அது இரு கலவைப் பூச்சு. காயும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிவரும், கண் எரியும். இரு கலவை பி.யு. எல்லாவற்றிலும் உறுதியானது, அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சுக்குழலைப் பாதித்து, சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியவை. துணி முகமூடி அதற்குத் தடுப்பாகாது. பட்டறையில், உரிய வடிகட்டி முகமூடியோடு, பழகியவர் அடித்துக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் திண்ணையில் வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் மரத்தின் ரேகையை எடுத்துக்காட்டுவதில் சிறந்தது என்பதில் தச்சரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. காற்றின் ஈரத்தைத் தடுப்பதில் அது ஏறக்குறையப் பயனற்றது. ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்துவோர் துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

பழைய அரக்கு பாலிஷைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நீராவியைத் தடுப்பதில் அது நாம் நினைப்பதைவிட நல்லது. ஆனால் ஈரமான தண்ணீர்ப் பாட்டிலை அதன்மேல் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் தடத்துக்கு மேல்பூச்சாக ஒத்துவராது. தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையால் வார்னிஷ் காயாமல் இழுத்துக்கொண்டே போனால், மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கை அடித்து, அதன்மேல் வார்னிஷ் அடிப்பது நல்ல உத்தி.

கேள்வி: எங்கள் ஊரில் காற்று நிற்பதே இல்லை. பூச்சு காய்வதற்குள் மணலும் பஞ்சுமாக ஒட்டிக்கொள்கிறது.
– ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுக்கு முன்னால் யாரும் வார்னிஷ் அடித்துவிட முடியாது. அறைக்குள் செய்யுங்கள். முந்தைய நாளே அறையைக் கூட்டி, பூசுவதற்குச் சற்று முன் தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் தேங்க வேண்டாம், தூசி எழாமலிருந்தால் போதும். காற்று வரும் திசையில் உள்ள சன்னலை மூடி, எதிர்ப்பக்கச் சன்னலை மட்டும் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும், மணல் வராது. மின்விசிறி கூடாது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு விரைவில் வரும் தண்ணீர் பி.யு. உங்கள் ஊருக்குப் பொருந்தும். அதையும் மீறி ஒட்டிய துகள்களை ஈரமாக இருக்கும்போது விரலால் எடுக்கப் போகாதீர்கள்; காய்ந்த பின் 400 எண் உப்புத்தாளால் நீவினால் போய்விடும். கடைசிக் கையில் மட்டும் கூடுதல் கவனம் வைத்தால் போதும்.

கேள்வி: சொந்தத் தோட்டத்தில் முறித்த ரப்பர் மரத்தில் பலகை அறுத்துத் தடம் செய்திருக்கிறேன். அடியில் மாவுபோலக் கொட்டுகிறது. வார்னிஷ் அடித்தால் நின்றுவிடுமா?
– குலசேகரம் வாசகர்

பதில்: நிற்காது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி; அதைத் தின்னும் மரவண்டின் புழு உள்ளே இருக்கிறது, கொட்டுவது அதன் கழிவு. மேலே அடிக்கும் பூச்சு உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. வளர்ந்த வண்டு படலத்தையும் துளைத்துக்கொண்டு வெளிவரும். மரப்பட்டறைகளில் ரப்பர் பலகையை, அறுத்த உடனேயே, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்துப் பின் சூளையில் உலர்த்துவது இதற்காகத்தான். தாமதித்தால் நீலக்கறைப் பூஞ்சையும் ஏறிவிடும்.

மாவு கொட்டும் பலகையைத் தடத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. அருகிலுள்ள கட்டிலுக்கும் கதவுக்கும் அது பரவும். பதப்படுத்திய பலகையாக வாங்கி மறுபடி செய்தால், பூச்சுக்கு அங்கே இரட்டை வேலை உண்டு. மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறாமல் அது காக்கும். வண்டு முட்டையிடத் தேடும் நுண்துளைகளையும் அடைக்கும். ஆகவே தடத்தின் அடிப்பக்கம், திருகுத் துளைகளின் உட்புறம் உட்பட எதையும் விடாமல் பூசுங்கள். அந்த வெளிர் நிறத்துக்குத் தண்ணீர் பி.யு. பார்க்க மிக நன்றாக இருக்கும்.

கேள்வி: வள்ளங்களுக்கு அண்டியெண்ணெய் பூசிக் கடல்நீரையே தாங்க வைக்கிறார்கள். தடத்தின் அடிப்பக்கத்துக்கு மட்டும் அதைப் பூசினால் செலவு மிச்சமாகாதா?
– குளச்சல் வாசகர்

பதில்: செலவு மிச்சமாகும், பிள்ளைகளின் கை கொப்பளிக்கும். முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை அரிக்கும் பொருள்கள். அண்டி உடைக்கும் தொழிலாளர் கைகளில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வது இதனால்தான். தடத்தைத் தூக்குபவர் பிடிப்பதே அடிப்பக்கத்தைத்தான். அது கருமையானது, காய்வதும் மெதுவாக. போதாக்குறைக்கு, மேலே ஒரு வகை, கீழே ஒரு வகை என்று பூசினால், முதல் பதிலில் சொன்ன சமநிலை கெட்டுவிடும். கடலோரத்தில் இருப்பவர் என்பதால் வேறொன்றைச் சொல்கிறேன்: திருகுகளும் போல்ட்டுகளும் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகின் துரு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து, பூச்சுக்கு அடியில் கருநீலக் கறையாகப் படரும். பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் எளிதில் போகாது.

கேள்வி: என் மகன் மின்சாரத்தில் ஓடும் 1/32 அளவுக் கார்களுக்காக, எம்.டி.எஃப். பலகையில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பள்ளம் வெட்டி, இருபுறமும் செப்பு நாடா ஒட்டும் தடம் செய்கிறான். இதற்கும் அதே வார்னிஷ்தானா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: இல்லை. சரிவில் உருளும் காருக்குச் சக்கரத்தைச் சுழற்ற மோட்டார் கிடையாது, வழவழப்பு அதற்கு நன்மை. மோட்டார் சுழற்றும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு வேண்டும். பளபளக்கும் பூச்சில் ரப்பர் டயர் வழுக்கி, வளைவில் கார் பள்ளத்தை விட்டு வெளியே பாயும். எனவே மேற்பரப்புக்கு வழக்கமான தேர்வு, மங்கலாகக் காயும் மேட் வகை அக்ரிலிக் பெயின்ட். சிறு நுரை உருளையால் மெல்லியதாக இரண்டு மூன்று கை உருட்டினால், டயருக்கு வேண்டிய மிக நுண்ணிய சொரசொரப்பு தானே அமையும். மகன் சிலிக்கோன் டயர் பயன்படுத்துகிறானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த டயர் மட்டும் மங்கலைவிட வழவழப்பான தளத்தை நன்றாகப் பற்றும்.

எம்.டி.எஃப்.-இன் தொல்லை அதன் வெட்டு முகத்தில் இருக்கிறது. தகடு முகம் ஓரளவு தாங்கும். வெட்டிய விளிம்பில் ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும், பெருத்தது பழைய அளவுக்குத் திரும்பாது. மூன்று மில்லிமீட்டர் பள்ளத்தின் சுவர் அப்படிப் பெருத்தால், காரின் வழிகாட்டி நாக்கு அதில் சிக்கும். ஆகவே பள்ளம் வெட்டியதும், தண்ணீர் கலந்த எதையும் அதற்குள் விடுமுன், நீர்க்கக் கரைத்த அரக்கையோ எண்ணெய் வகைச் சீலரையோ மெல்லிய தூரிகையால் சுவர்களில் ஒரு கை கொடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளைப் பட்டையான ஈர்க்குக்குச்சியில் சுற்றி நீவச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும்போது உருளையில் அதிகம் ஏற்றினால் பள்ளத்துக்குள் வழியும். அடிப்பக்கத்துக்கும் பூச்சு வேண்டும் என்பதில் எம்.டி.எஃப். விதிவிலக்கல்ல.

செப்பு நாடாவை எல்லாப் பூச்சும் முடிந்து நன்றாகக் காய்ந்த பின்புதான் ஒட்ட வேண்டும். நாடாவுக்கு அடியில் பெயின்ட் பச்சையாக இருந்தால் பசை பிடிக்காது. நாடாவின்மேல் வார்னிஷ் பட்டால், வார்னிஷ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கார் அந்த இடத்தில் நின்றுவிடும். செம்பு கறுக்காமலிருக்க ஏதாவது பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூச வேண்டாம், ஓட்டத் தொடங்குமுன் மிருதுவான அழிப்பான் ஒன்றால் நாடாவின் நீளத்துக்கு ஒருமுறை தேய்த்தால் போதும்.

கேள்வி: பூச்சுக்கு மேல் மெழுகு தேய்த்தால் கார் வேகமாக ஓடுமா? சிலர் முகப்பவுடர் தூவுகிறார்கள்.
– அருமனை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்

பதில்: பவுடர் வேண்டாம் தம்பி, அது காற்றில் பறந்து மூச்சில் போகும், தடத்தில் ஒரே சீராகவும் பரவாது. மெழுகு வேறு. சரிவில் ஓடும் காரின் வேகம் பெரும்பாலும் அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள உராய்வில்தான் குறைகிறது. அதற்கு அடுத்தபடியாகச் சக்கரம் நடுப்பட்டையின் பக்கத்தில் உரசும்போது குறைகிறது. எனவே தளம் முழுவதும் மெழுக வேண்டியதில்லை. பட்டையின் இரு பக்கங்களில் மட்டும், கார்னோபா என்ற கடினமான பனைமெழுகு கலந்த கட்டி மெழுகை மிக மெல்லியதாகத் தேய்த்து, பருத்தித் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினால் பயன் உண்டு. மூன்று தடத்துக்கும் ஒரே அளவாகச் செய்ய வேண்டும். மெழுகுவர்த்தி மென்மையானது, தூசியைப் பிடித்துவைக்கும்.

அச்சில் போடும் கிராஃபைட் தூள் தடத்தில் சாம்பல் நிறமாகக் கொட்டினால் கவலைப்படாதே, உலர்ந்த துணியால் துடை. சிலிக்கோன் கலந்த தெளிப்பான்களைத் தடத்தின் அருகே கொண்டுவராதே. பின்னாளில் அதன்மேல் புதிதாக வார்னிஷ் அடித்தால், மீன்கண்போல வட்ட வட்டமாக விலகி நிற்கும். மெழுகும் அப்படியே, மறுபூச்சுக்கு முன் மினரல் டர்பன்டைனால் துடைத்து நீக்க வேண்டும், அந்த வேலைக்குப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்.

கேள்வி: பூச்சு முடிந்த எத்தனை நாளில் தடத்தை அடுக்கி வைக்கலாம்? ரெக்சின் துணியால் மூடி வைக்க எண்ணம்.
– திங்கள்சந்தை வாசகர்

பதில்: தொட்டால் ஒட்டாத நிலை வேறு, முழுதும் இறுகிய நிலை வேறு. எண்ணெய் வகை பாலியூரித்தேன் முழுதும் இறுக ஏறத்தாழ ஒரு மாதமும், தண்ணீர் வகை இரண்டு மூன்று வாரமும் எடுத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் இன்னும் தள்ளும். மூக்கை அருகே கொண்டுபோனால் வார்னிஷ் வாடை அடிக்கிறது என்றால் இன்னும் இறுகவில்லை என்று பொருள். அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், துண்டுகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பூச்சு பெயர்ந்து வரும். நாளிதழை இடையில் வைத்தால் எழுத்து பூச்சில் பதியும்.

ரெக்சின் கூடாது. அதை வளையும்படி வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்லப் பூச்சுக்குள் இறங்கி, அதை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். பழைய மேசைகளில் ரெக்சின் விரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ போதும். துண்டுகளுக்கிடையே ஒரே கனமுள்ள சட்டங்களை வைத்து, கீழுள்ள சட்டத்துக்கு நேர்மேலாக அடுத்த சட்டம் வரும்படி, தட்டையாக அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் தன் எடையாலேயே வளையும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும் வேண்டாம், மழைநீர் கசியும் சுவரோரமும் வேண்டாம்.